சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்ததால்
மென்பொருள் பயிற்சி தர வந்தவர்
முக்கால் மணி நேரம் தாமதம்.
வந்ததும் திரையில் பச்சை வட்டம் ஒன்றைக் காட்டினார்:
விபத்தில்லா நாட்கள், பூஜ்யம்.
இன்றிலிருந்து எண்ணும் என்றார்.
எண்ணியது.

வேதியியல் கூடத்தில் கண்கழுவும் குழாய்
வருகிறதா இல்லையா,
தீயணைப்பான் முள் பச்சையிலா சிவப்பிலா,
திங்கள்தோறும் நான் டிக் செய்ய வேண்டும்.
சர்வர் அறைக்குள் சாரை புகுந்த அன்று
ஆபத்தின் வகை என்ன என்று கேட்டது.
மின்சாரம், உயரம், கதிர்வீச்சு, வேதிப்பொருள்.
பாம்பு இல்லை.
'மற்றவை' போட்டேன்.
எங்கள் பக்கத்து ஆபத்தில் பாதி
மற்றவையில்தான் குடியிருக்கிறது.

இருநூற்றுப் பதினோராம் நாள்
தையல்நாயகியின் வலது கை வெந்தது.
மூடி சரியாகத் திருகாத கந்தக அமிலப் புட்டி,
கழுவுதொட்டிக்கு அடியில் யாரோ வைத்தது.
துடைக்கக் குனிந்தவள் தண்ணீர் என்றே நினைத்தாள்.
கத்தவில்லையாம்.
கண்கழுவும் குழாயடியில் கையை நீட்டி நின்றாள்.
அன்று அது வந்தது.

ஆம்புலன்ஸும் கேட்டில் நின்றது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்.
நாற்பத்திரண்டு பெட்டி மேடம், எண்ணினேன் என்றாள் பிறகு.

மாலை படிவத்தைத் திறந்தேன்.
பெயர்: வைத்தீஸ்வரன்கோவிலில்
தைலக்கிண்ணம் ஏந்தி நிற்பவளின் பெயர்.
காயம்பட்ட இடம்: திரையிலிருந்த மொட்டை உருவத்தின்
உள்ளங்கையைத் தொட்டேன், சிவந்தது.
பணியாளர் எண்: பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் நகர முடியாது.
ஒப்பந்தக்காரரின் நோட்டில் அவள் 'பெண் 14'.
பதினான்கு போட்டேன். ஏழு இலக்கம் கேட்டது.
முன்னால் ஐந்து பூஜ்யம் வைத்துப் பார்த்தேன்.
இப்படி ஒருவர் இல்லை என்றது.

உதவி மையத்தில் மிகப் பணிவான குரல்:
ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தனி மாட்யூல் இருக்கு மேடம்,
உங்க யுனிவர்சிட்டி வாங்கலை.
பதிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
அடுத்த மாதம் ஆய்வுக்குழு வருகிறது,
அந்த எண் பாட்டுக்கு ஓடட்டுமே.

என் அப்பா மூணாறு தலைப்பில் லஸ்கராக இருந்தார்.
எந்த ஷட்டர் எத்தனை அங்குலம் என்று
நோட்டில் எழுதுவார்.
எழுதாமல் திறந்த தண்ணீரும் போகும் இரவில்.
அதுவும் யாருடைய வயலிலோ
கணுக்கால் அளவு நிற்கத்தான் செய்யும்.

ஒன்பது மணிக்கு அந்தக் கட்டத்தில்
என் எண்ணைப் போட்டேன்.
உடனே ஏற்றுக்கொண்டது.
பச்சை வட்டம் பூஜ்யத்துக்கு விழுந்தது.

அன்றிலிருந்து காலை எட்டுக்கு எனக்கு ஒரு செய்தி:
அன்புள்ள பணியாளரே,
உங்கள் வலது கை இன்று எப்படி இருக்கிறது?
வலி, பத்துக்கு எத்தனை?
விரல்கள் மடங்குகின்றனவா?
இதிலும் பொய் எழுத வரவில்லை.
பூவனூர் சாலையில் ஸ்கூட்டரை நிறுத்தி
அவளைக் கேட்டுப் போடுகிறேன்.
முதல் நாள் ஏழு என்றாள்.
ஒன்பதாம் நாள் நாலு.
நடவுக்குப் போகலாமான்னு
உங்க கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கேளுங்க என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

என் கணக்கில் மருத்துவச் செலவு வந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
ஒப்பந்தக்காரர் பிடித்த கூலிக்கு
அது பாதிகூட இல்லை.

நேற்று ஒரு கடிதம்.
வியாழன் பதினொரு மணிக்கு விசாரணை,
காயம்பட்ட கையோடு நேரில் ஆஜராகவும்.
அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.
இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டே கேட்டாள்:
பதினொண்ணுன்னா
பத்து மணி பஸ்ஸே போதும்ல மேடம்,
கேட் போட்டிருக்க மாட்டானே?